பெயரைக் கொடுத்தீர்கள், காரையும் கொடுங்கள்

கார் நிறுவனங்களில் வீடியோ கேம்களுக்கான உரிம ஒப்பந்தங்களைப் படித்துக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் பதினைந்து வருடங்களாக என் மாலை நேரங்களில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. நான் எந்தக் காரை ஓட்டலாம், அது சுவரில் மோதினால் எவ்வளவு நசுங்கலாம், அந்த கேம் எந்தத் தேதி வரை விற்பனையில் இருக்கலாம் என்பதெல்லாம் உங்கள் மேசையில்தான் முடிவாகின்றன. அதனால்தான் கேம் நிறுவனங்களுக்கு எழுதாமல் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

மேசை விளிம்பில் இறுக்கிப் பொருத்திய ஒரு ஸ்டீயரிங், பிரேக் மிதிக்கும்போது நகர்ந்துவிடாமல் சுவரோடு முட்டுக்கொடுத்த பெடல்கள், ஒரு திரை. என்னிடம் இருப்பது அவ்வளவுதான். நீங்கள் செய்யும் கார்களில் பெரும்பாலானவற்றின் கதவைக்கூட நான் தொட்டதில்லை. ஆனாலும் அவற்றை எனக்குத் தெரியும். எது பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்தும், எது வளைவில் முன்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நேராக ஓடும், எது கடைசி நொடியில் வாலைச் சுழற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

போர்ஷே 911ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது என்று எங்கேயோ படித்திருந்தேன். படித்தபோது அது ஒரு தகவல், அவ்வளவே. ஒரு நல்ல சிமுலேஷனில், அதாவது காரின் இயக்கத்தை நிஜம் போலவே கணக்கிடும் கேமில், பழைய 911 ஒன்றை முதன்முறை எடுத்தபோதுதான் அதன் பொருள் புரிந்தது. வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டேன். பயந்துபோய், எல்லோரும் செய்வதைப் போல, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடை முன்னுக்குச் சாய்ந்தது, பின் டயர்களின் பிடி தளர்ந்தது. பின்னால் இருந்த அந்த எஞ்சின் ஊசல் குண்டு மாதிரி வெளியே வீசியது. நான் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். அன்றிரவு நாற்பது முறையாவது அந்த வளைவில் சுழன்றிருப்பேன். நாற்பத்தொன்றாவது முறை, பயம் வந்தபோதும் காலை எடுக்காமல் மெல்ல அழுத்தியே வைத்தேன். பின்பக்க எடை அப்படியே உட்கார்ந்து, டயரைத் தரையோடு அழுத்தி, என்னை வளைவிலிருந்து வெளியே உந்தித் தள்ளியது. 1964 முதல் அந்த வடிவத்தை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு கணத்தில் புரிந்தது. எந்த விளம்பரமும் எனக்கு அதைப் புரியவைத்ததில்லை.

நான் கேட்கப்போவது எல்லாமே இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. சிமுலேஷனுக்குள் இருக்கும் உங்கள் காரை நீங்கள் ஒரு விளம்பரப் பலகையாகப் பார்க்கிறீர்கள். எங்களுக்கு அது அந்தக் காரைப் பற்றிய ஆவணம். பலகையில் கீறல் விழக்கூடாது, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கழற்றிவிடலாம். ஆவணத்தை அப்படி நடத்த முடியாது.

முதலில் மோதலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். என்னை அதிகம் வருத்துவது அதுதான்.

உரிமம் பெற்ற எத்தனையோ கேம்களில் உங்கள் கார்களை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதியிருக்கிறேன். பம்பர் கொஞ்சம் கோணும். பெயின்ட்டில் கோடு விழும். ஒரு கண்ணாடி விரிசல் விடும். ரிவர்ஸ் எடுத்துத் திருப்பினால் கார் முன்பு போலவே ஓடும். இதைக் கணக்கிடும் திறன் கணினிக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பீம்என்ஜி டிரைவ் என்ற சிமுலேஷன் ஒவ்வொரு காரையும் நூற்றுக்கணக்கான புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் ஆயிரக்கணக்கான கம்பிகளாகவும் கட்டி, விநாடிக்கு 2000 முறை அந்தக் கம்பிகள் வளைவதையும் ஒடிவதையும் கணக்கிடுகிறது. சாதாரண வீட்டுக் கணினியிலேயே இது ஓடுகிறது. சக்கரம் நடைபாதைக் கல்லில் அடித்தால் சஸ்பென்ஷன் கை வளையும். அதன் பிறகு கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். ரேடியேட்டர் உடைந்தால் எஞ்சின் மெல்ல மெல்லச் சூடேறி நிற்கும்.

ஆனால் அந்தக் கார்களின் பெயர்களைப் பாருங்கள்: இபிஷு, காவ்ரில், ஹிரோச்சி, சிவெட்டா. ஒன்றுகூட உண்மையான நிறுவனம் இல்லை. மோதலையே உயிராகக் கொண்ட பர்ன்அவுட் தொடரிலும் ரெக்ஃபெஸ்ட்டிலும் இதே கதைதான். எங்கே கார் உண்மையாக உடைகிறதோ அங்கே பெயர் பொய்யாக இருக்கிறது. எங்கே பெயர் உண்மையாக இருக்கிறதோ அங்கே உலோகம் பொய்யாக இருக்கிறது. உண்மை வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் எப்போதும் பாதி உண்மையோடுதான் திரும்புகிறோம்.

பெயரையும் உடைசலையும் ஒன்றாக வைக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 1998இல் வந்த காலின் மெக்ரே ராலியில் உரிமம் பெற்ற உண்மையான கார்கள் இருந்தன. அவை நசுங்கின, கண்ணாடிகள் உடைந்தன. 2004இல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலியில் சுபாரு இம்ப்ரெசாவும் பெஜோ 206ம் மிட்சுபிஷி லான்சரும் இருந்தன. ஒரு மரத்தை உரசினால் போதும், ராலியின் அன்றைய கட்டம் அங்கேயே முடிந்துவிடும். அந்த விளையாட்டை 20 ஆண்டுகளுக்குப் பிறகும் ரசிகர்கள் தாங்களே புதிய பாதைகள் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் இம்ப்ரெசா உடைந்து நின்றதைப் பார்த்து சுபாருவை மட்டமாக நினைத்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அந்தக் காரை ஓர் ஊசியிலைக் காட்டின் வழியாக முழுதாகக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்துகொண்டு, அதன் மேல் மரியாதை கூடியவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

உடைவதைக் காட்டினால் பெயர் கெடும் என்ற பயம் எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். புரிகிறது. ஆனால் 1997 முதல் யூரோ என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு உங்கள் கார்களை மோதவிட்டு, படமெடுத்து, நட்சத்திரம் போட்டு ஊருக்கெல்லாம் காட்டுகிறது. பல ஆண்டுகள் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் தடுப்பில் மோதியபடியே அந்தச் சோதனை நடந்தது. முன்பக்கம் சுருங்கி மடிந்து, உள்ளே ஆள் உட்காரும் கூடு அசையாமல் நிற்பதைக் காட்டும் அந்தப் படங்களை நீங்களே விளம்பரத்திலும் போடுகிறீர்கள். சுருங்க வேண்டிய இடத்தில் சுருங்குவதற்குத்தானே உங்கள் பொறியாளர்கள் இத்தனை வருடம் உழைத்தார்கள்? எதையும் உணராத இரும்புக் கட்டியாக உங்கள் காரைக் காட்டும்போது அவர்களுடைய உழைப்பும் சேர்ந்தே மறைகிறது.

உள்ளே இருக்கும் மனிதருக்குக் காயம் காட்டக்கூடாது என்றால், சரி, அதை முழு மனதோடு ஏற்கிறேன். அந்த நிபந்தனையை எடுக்கச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன். பாதசாரிகள் மேல் ஏற்றக்கூடாது என்பதும் அப்படியே. நான் கேட்பது உலோகத்தைப் பற்றி மட்டும்தான்.

உடைசல் இல்லாததால் என்ன நடக்கிறது என்று வேறொரு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். இணையத்தில் இருபது பேர் சேர்ந்து போட்டி ஓட்டுகிறோம். முதல் வளைவு வருகிறது. கார் உடையாது என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் யார் பிரேக் பிடிப்பார்? முன்னால் போகிறவரின் கதவே பின்னால் வருகிறவருக்கு பிரேக். மூன்று மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு வந்தவர் முப்பது விநாடியில் புல்வெளியில் நிற்பார். எனக்கு இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. உடைசல் கடுமையாக இருக்கும் சிமுலேஷன்களில் அதே மனிதர்கள் அதே வளைவுக்குள் ஒருவருக்கொருவர் இடம்விட்டு நுழைவதையும் பார்த்திருக்கிறேன். ஸ்டீயரிங் ராடு கோணினால் மீதிப் பந்தயம் முழுக்கக் காரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று தெரிந்தால், கை தானாகப் பக்குவப்படும். கியரை மேலே போடுவதற்குப் பதில் தவறிக் கீழே தள்ளினால் எஞ்சினின் சுழற்சி எல்லை மீறி வால்வுகள் நொறுங்கும் என்று தெரிந்தவர் கியர் கம்பியைப் பிடிக்கும் விதமே வேறு. நிஜ வாழ்க்கையில் உங்கள் காரை வாங்கப்போகிற ஒருவர் இந்தப் பக்குவத்தோடு வந்தால் உங்களுக்கு நஷ்டமா?

அடுத்தது எண்கள்.

ஒரு காரைக் கணினிக்குள் கட்ட எடையும் குதிரைத்திறனும் போதாது. எடை நான்கு சக்கரங்களுக்கும் எப்படிப் பிரிகிறது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கார் திரும்பத் தொடங்குவதற்கு அதன் உடல் எவ்வளவு தயங்கும், சஸ்பென்ஷன் கைகள் எந்தப் புள்ளிகளில் மாட்டப்பட்டிருக்கின்றன, ஷாக் அப்சார்பர் மெதுவாக அமுங்கும்போது எவ்வளவு எதிர்க்கும், சட்டென்று அமுங்கும்போது எவ்வளவு எதிர்க்கும், காரின் மூக்கு தரைக்கு ஒரு சென்டிமீட்டர் நெருங்கினால் காற்றின் அழுத்தம் எப்படி மாறும் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருக்கும். டயர் தனி உலகம்: சூடு, காற்றழுத்தம், தேய்மானம், பக்கவாட்டில் வழுக்கும் கோணம் என எல்லாவற்றுக்கும் வளைகோடுகள் வேண்டும். இவற்றில் ஈர்ப்பு மையத்தின் உயரத்தையோ சஸ்பென்ஷன் புள்ளிகளையோ எந்த விற்பனைக் கையேடும் அச்சிடுவதில்லை. கையேட்டில் இருக்கும் எடைகூட சில சமயம் பெட்ரோல் இல்லாத எடை, சில சமயம் ஓட்டுநர் இல்லாத எடை. உருவாக்குபவர்கள் அளந்து, விசாரித்து, மிச்சத்தை அனுபவத்தால் நிரப்புகிறார்கள்.

உங்கள் பெட்டிகளில் அந்த எண்கள் இருக்கின்றன. கேமில் வரும் காரின் உருவத்தை உங்களிடம் ஒப்புதலுக்கு அனுப்புகிறார்கள். பெயின்ட் நிறம், முகப்பு விளக்கின் வளைவு, சின்னம் இருக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்துத் திருத்தச் சொல்கிறீர்கள். அதே அக்கறை பின் ஷாக் அப்சார்பரின் எண்ணிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இன்றைய புதிய மாடலின் ரகசியத்தைக் கேட்கவில்லை. முப்பது வருடம் முன்பு உற்பத்தி நின்றுபோன காரின் வரைபடத்தை இன்னும் பூட்டிவைப்பதால் எந்தப் போட்டியாளரிடமிருந்து எதைக் காக்கிறீர்கள்?

சிமுலேஷனை நம்பிப் பலன் கண்டதும் உங்கள் ஆட்கள்தான். 2007இல் வெளிவந்த நிசான் ஜிடி-ஆரின் டாஷ்போர்டில் எண்களைக் காட்டும் திரையை வடிவமைத்தது கிரான் டூரிஸ்மோ கேம் வரிசையை உருவாக்கிய பாலிஃபோனி டிஜிட்டல். 2008இல் நிசானும் சோனியும் தொடங்கிய ஜிடி அகாடமியின் முதல் வெற்றியாளர் லூகாஸ் ஓர்டோனெஸ், வீட்டில் கேம் ஆடிப் பழகியவர். 2011இல் அவர் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்த அணியில் நின்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஜான் மார்டன்பரோ அதே வழியில் வந்தார். 2010இல் ஃபெராரி தன் பெயரிலேயே வெளியிட்ட விர்ச்சுவல் அகாடமி சிமுலேஷனைச் செய்துகொடுத்தது குனோஸ் சிமுலசியோனி என்ற சிறிய இத்தாலிய நிறுவனம். பின்னாளில் அசெட்டோ கோர்சா என்ற சிமுலேஷனைத் தந்ததும் அவர்களே. எண்களை நம்பிக் கொடுத்த இடத்திலெல்லாம் உங்களுக்கு நன்மைதான் விளைந்திருக்கிறது.

இனி காலாவதியைப் பற்றி.

என் நண்பர் ஒருவர் போன வருடம்தான் புதிதாக ஒரு ஸ்டீயரிங் வாங்கினார். எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டார். நான் வருடக்கணக்காக ஓட்டி, மழை பெய்யும்போது பாதையில் எங்கெங்கே தண்ணீர் தேங்கும் என்பதுவரை மனப்பாடமான ஒரு கேமின் பெயரைச் சொன்னேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, இதை வாங்கவே முடியவில்லையே என்றார். விற்பனையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். கேம் நன்றாக ஓடுகிறது. என் கணினியில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க ஒருவர் தயாராக நிற்கிறார். உரிமக் காலம் முடிந்துவிட்டதாம். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இது ஒரு கேமின் கதை மட்டும் இல்லை. 2017இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 7 நான்கே ஆண்டுகளில், 2021 செப்டம்பரில், கடைகளிலிருந்து நீங்கியது. ஃபோர்ஸா ஹொரைசன் வரிசையின் முதல் நான்கு பாகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நான்காவது 2024 டிசம்பரில். டிரைவ்கிளப் 2019இல் போனது. 2022இல் கார் உரிமங்களும் ஓட்டப்பாதை உரிமங்களும் முடிவதைக் காரணம் சொல்லி பிராஜெக்ட் கார்ஸ் முதல் இரண்டு பாகங்களையும் எடுத்தார்கள். 2014இல் வந்த தி க்ரூவுக்கு நடந்தது இன்னும் கொடுமை. சர்வர் பிரச்சினையோடு உரிமக் கட்டுப்பாடுகளையும் காரணமாகக் காட்டி 2024 மார்ச் 31 அன்று சர்வர்களை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு அதைத் திறக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்த இயக்கம்தான் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. அந்தக் கையொப்பங்கள் கேம் நிறுவனங்களை நோக்கி நீட்டப்பட்டவை. ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் இருக்கும் உங்களை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

ஒரு கார் பத்திரிகை 1975இல் உங்கள் காரை ஓட்டிப் பார்த்து, படத்தோடு விமர்சனம் எழுதியிருக்கும். அந்த இதழை இன்றும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். ஐந்து வருடம் ஆகிவிட்டது, எல்லா இதழ்களையும் திருப்பிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியிருக்கவும் செய்யாது. ஒரு சிமுலேஷன் அந்த விமர்சனத்தைவிட எவ்வளவோ அதிகமாகக் காரைப் பதிவு செய்கிறது. அதன் சத்தம், அதன் அதிர்வு, அது பயமுறுத்தும் விதம், எல்லாம் அதில் இருக்கின்றன. அதற்கு மட்டும் ஏன் ஆயுள் குறித்துக் கொடுக்கிறீர்கள்?

பெயர் மறுக்கப்பட்டால் வரலாறு என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1998இல் பப்பைரஸ் நிறுவனம் கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் என்ற சிமுலேஷனைக் கொண்டுவந்தது. 1967ஆம் ஆண்டின் கிராண்ட் பிரீ பந்தயங்களை அப்படியே எழுப்பும் முயற்சி. இறக்கைகள் இல்லாத, ஒல்லி டயர் போட்ட, சீட் பெல்ட் இல்லாத கார்கள். சிம் ரேசிங் என்று நாங்கள் இன்று சொல்வதற்கு அடித்தளம் போட்ட படைப்புகளில் அது ஒன்று. என் தலைமுறைக்கு முந்தியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். லோட்டஸ், ஃபெராரி, பிராபம், ஈகிள், பி.ஆர்.எம். எல்லாம் அதில் இருந்தன. ஹோண்டாவும் கூப்பரும் மட்டும் உரிமம் இல்லாததால் வேறு பெயர்களில் வந்தன. ஹோண்டா, முராசாமா ஆனது. கூப்பர், கவென்ட்ரி ஆனது.

1967இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் முதல் பந்தயத்தில், தென்னாப்பிரிக்காவின் கயலாமியில், பெத்ரோ ரோட்ரிகஸ் வென்றது கூப்பரில். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து 1959, 1960 இரண்டு ஆண்டுகளும் ஜாக் பிராபமை உலகச் சாம்பியனாக்கி, மற்ற எல்லோரையும் தங்கள் வடிவமைப்பை மாற்ற வைத்த கூப்பர் அது. அதன் பிறகு கூப்பர் ஒரு கிராண்ட் பிரீகூட வெல்லவில்லை. அதே 1967 செப்டம்பரில் மோன்ஸாவில், கடைசி வளைவில் பிராபமை முந்தி ஜான் சர்டீஸ் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றது ஹோண்டாவில். அந்தக் காருக்கு அதுதான் முதல் பந்தயம். அந்தக் கால ஹோண்டா அணிக்கு அது கடைசி வெற்றி. இப்படி இரண்டு வெற்றிகள். உலகத்தின் மிக நேர்மையான 1967ஆம் ஆண்டுக்குள் நுழைந்து தேடினால் அந்த இரண்டு பெயர்களும் அங்கே இல்லை. ஓட்டிப் பார்த்தால் கார் இருக்கிறது. மூக்கில் எழுதியிருப்பது வேறு. அந்த சிமுலேஷன் வழியாக அந்தக் காலத்தைத் தெரிந்துகொண்ட ஓர் இளைஞனுக்கு கூப்பர் யார் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

ஒரே கேம் நிறுவனத்துக்கு மட்டும் உரிமம் கொடுக்கும் ஒப்பந்தங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காயம் ஓரளவு ஆறிவிட்டது. 2000 வாக்கில் தொடங்கி 2016 வரை போர்ஷேயின் கேம் உரிமம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் மட்டும் இருந்தது. அவர்கள் அவ்வப்போது சிலருக்கு அனுமதி கொடுத்தார்கள். மற்றவர்கள் போர்ஷேயின் உடலை எடுத்துத் தன் சொந்தப் பெயரில் கார் செய்யும் ரூஃப் நிறுவனத்தின் வண்டிகளை வைத்துச் சமாளித்தார்கள். உலகின் மிகப் பெரிய கார் களஞ்சியம் என்று பேர் வாங்கிய கிரான் டூரிஸ்மோவிலேயே 2017இல்தான் போர்ஷே என்ற பெயர் முறையாக வந்தது. ஒரு தலைமுறைப் பையன்கள் 911ஐ ரூஃப் என்றே அறிந்து வளர்ந்தார்கள். ரூஃப் அருமையான கார்களைச் செய்கிறது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த 16 வருடத்தில் போர்ஷேக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இனி யாரும் அப்படி ஒரு கையெழுத்தைப் போட வேண்டாம்.

சட்டத்தைக் காட்டி மிரட்ட வரவில்லை. ஆனாலும் இரண்டு தீர்ப்புகளை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஓபெல் நிறுவனம் தன் சின்னத்தோடு பொம்மைக் கார் செய்த ஆட்டெக் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் அதில் விளக்கம் தந்தது. கடைசியில் 2010இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஓபெலுக்கு எதிராகவே தீர்த்தது. பொம்மையின் மேல் இருக்கும் சின்னத்தைப் பார்ப்பவர்கள் அது அசல் காரின் நகல் என்றுதான் புரிந்துகொள்வார்கள், பொம்மையை ஓபெல் செய்ததாக நினைக்க மாட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். 2020இல் அமெரிக்காவில், கால் ஆஃப் டியூட்டி கேமில் ஹம்வீ வாகனம் வந்ததற்காகத் தொடுத்த வழக்கிலும் கேம் நிறுவனமே வென்றது. ராணுவங்கள் உண்மையில் ஓட்டும் வாகனத்தைக் காட்டுவது கலையின் மெய்ம்மைக்குத் துணை செய்கிறது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

பெரிய நிறுவனங்களால் இப்படி வழக்காட முடியும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிமுலேஷன் செய்பவர்களால் முடியாது. ஒரு வக்கீல் கடிதம் வந்தாலே காரை எடுத்துவிடுவார்கள். ரசிகர்கள் சொந்த நேரத்தில் செய்து கேமில் சேர்க்கும் கார்கள், பாதைகள் போன்ற மாட்களின் நிலை இன்னும் மோசம். ஒரு பழைய ராலி காருக்காக இரண்டு வருடம் இரவு இரவாக உட்கார்ந்து, புகைப்படங்களிலிருந்து அளவெடுத்து, உயிரோடு இருக்கும் ஒரு காரைத் தேடிப் போய் அதன் சத்தத்தைப் பதிவு செய்து, கடைசியில் காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுக்கிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். உங்கள் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கார்களை ஓடவைப்பது அவர்கள்தான். அவர்களைத் திருடர்கள் போல நடத்தாதீர்கள். காசு வாங்காத ரசிகர் படைப்புகளை அனுமதிக்கிறோம், எங்கள் தயாரிப்பு என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்று உங்கள் தளத்தில் நான்கு வரி எழுதிவைத்தால் போதும். அந்த நான்கு வரியால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

எல்லா ஒப்பந்தங்களையும் கிழித்துப் போடச் சொல்லவில்லை. உரிமத்துக்குக் காசு வாங்குங்கள், அது உங்கள் உழைப்பு. உருவத்தைச் சரிபாருங்கள். அசிங்கமான இடத்தில் உங்கள் காரை வைக்கக்கூடாது என்றால் வையுங்கள் அந்த நிபந்தனையை. அடுத்த முறை மேசைக்கு ஓர் ஒப்பந்தம் வரும்போது இரண்டு பத்திகளில் மட்டும் பேனாவை நிறுத்துங்கள். ஒன்று, சேதம் பற்றிய பத்தி. மனிதருக்குக் காயம் காட்டக்கூடாது என்ற வரியை விட்டுவிட்டு மற்றதை அடித்துவிடுங்கள். இன்னொன்று, காலம் பற்றிய பத்தி. புதிய கேம்களில் காரைச் சேர்க்கும் உரிமைக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் குறியுங்கள். ஏற்கெனவே வெளியான கேம் வெளியானபடியே என்றும் விற்கப்படலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். பழைய ஒப்பந்தங்களைத் திறந்து இதே வரியைச் சேர்க்க முடிந்தால், காணாமல் போன கேம்களில் சிலவாவது திரும்பி வரும்.

என் நண்பருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போதைக்கு அவர் என் கணினியில் வந்து ஓட்டுகிறார். பழைய 911ல் அதே வளைவில், அதே இடத்தில் காலை எடுத்து, நேற்றும் பதினோரு முறை சுழன்றார்.

அன்புடன்,
உங்கள் கார்களை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்